கேப்பர் மலைக்கு ஓர் எல்லைக்கோடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வைகாசி முகூர்த்தம் ஒன்றில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம் நடந்தது. அதற்குச் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் பழைய அறைத்தோழர், தாலி கட்டி முடிந்ததும், கேப்பர் மலையின் ஒரு முனையான ஔஷதகிரியின் 74 படிகளை ஏறி ஹயக்ரீவரைச் சேவித்தார். பிறகு மேலே நின்று கெடிலம் ஆற்றையும் தென்னந்தோப்புகளையும் பார்த்தபடி, "நம்ம புக்கிட் தீமா மாதிரியே இருக்கு, ஆனா இத ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்காங்க?" என்று கேட்டார். அவர் சொன்ன ஒப்புமையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது. அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் காட்டுக் குன்றான புக்கிட் தீமாவைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கங்களில் சிங்கப்பூருக்கு ஒரு பிள்ளையையாவது அனுப்பாத ஊர் குறைவு என்றாலும், அங்கே போனவர்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் நம்மவர்கள் கூடும் கடைத்தெருப் பகுதியான தேக்கா, தேக்கா என்றால் ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசை, அவ்வளவுதான். கம்பி கட்டும் வேலைக்குப் போன நானும் முதல் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஒரு தீபாவளி விடுமுறையில் எங்கள் தளத்து மேற்பார்வையாளர் வற்புறுத்தி அழைத்துப் போனபோதுதான், அடுக்குமாடி வீடுகளுக்கும் விரைவுச்சாலைக்கும் நடுவே, பட்டப்பகலில் வெளிச்சம் மங்கும் அளவுக்கு மரங்கள் அடர்ந்த ஒரு குன்று இருப்பதைக் கண்டேன்.

அதன் உயரம் 163.63 மீட்டர். செஞ்சி ராஜகிரியில் ஏறி இறங்கியவர்களுக்கு அது ஒரு பொருட்டே ஆகாது என்றாலும், சிங்கப்பூரில் அதைவிட உயரமான இயற்கை மேடு வேறில்லை. மலாய் மொழியில் அதன் பெயருக்கு 'வெள்ளீய மலை' என்று பொருள் சொல்வார்கள். ஆனால் அங்கே மனிதர் வெட்டி எடுத்ததெல்லாம் கருங்கல்தான். காப்பிடத்தின் பரப்பு 163 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 400 ஏக்கர். அந்த 400 ஏக்கருக்குள் நாட்டின் இயல்பான தாவர, விலங்கு வகைகளில் சுமார் 40 சதவீதம் அடங்கியிருப்பதாக அந்நாட்டின் தேசியப் பூங்காக் கழகம் சொல்கிறது. 1854-இல் ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் இந்தக் குன்றையொட்டித் தங்கி, சில மாதங்களிலேயே நூற்றுக்கணக்கான வண்டு வகைகளைத் திரட்டியிருக்கிறார்.

அந்தக் காடு தானாகத் தப்பிப் பிழைத்ததன்று. 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர்த் தீவின் காடுகள் மிளகுத் தோட்டங்களுக்காகவும், தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட காம்பியர் தோட்டங்களுக்காகவும் வேகமாக அழிந்தன. எஞ்சியவற்றைக் கணக்கெடுத்த தாவரவியல் பூங்காக் கண்காணிப்பாளர் நதானியல் கான்ட்லியின் அறிக்கையைத் தொடர்ந்து, 1883-இல் புக்கிட் தீமா காப்புக்காடாக்கப்பட்டது. மிச்சம் இருந்ததைச் சுற்றித் தாளில் ஓர் எல்லைக்கோடு விழுந்தது என்பதுதான் செய்தி. காடு செழித்திருந்த காலத்தில் எவரும் அந்தக் கோட்டைப் போடவில்லை. பெரும்பகுதி போன பிறகுதான் போட்டார்கள். நமக்கு இனிக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லும் நண்பர்களுக்காகவே இந்த ஆண்டைக் குறிப்பிடுகிறேன்.

கோடு போட்ட பிறகும் அவர்கள் தவறு செய்யாமலில்லை. குன்றின் விலாவில் கல் குவாரிகள் நெடுங்காலம் நடந்தன. 1986-இல் திறந்த விரைவுச்சாலை, குன்றின் காட்டையும் அதை ஒட்டிய நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாக வெட்டிப் போட்டது; சாலையைக் கடக்க முயன்ற எறும்புதின்னிகள் வண்டிகளில் அடிபட்டுச் செத்தன. அந்தப் பிழையைச் சரிசெய்ய 27 ஆண்டுகள் கழித்து, 2013-இல், சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மண் நிரப்பி மரம் நட்ட ஒரு பாலத்தை விலங்குகளுக்காகவே கட்டினார்கள். அதன் செலவைக் கேட்டபோது, மாதக் கடைசியில் நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) அலைந்துகொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இன்று யோசித்தால், முதலிலேயே சாலையைச் சற்று விலக்கிப் போட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும் என்று தோன்றுகிறது. பிறகு, கூட்டம் மிகுந்து பாதைகள் அரிந்து சரிவுகள் நெகிழ்ந்தபோது, 2014 செப்டம்பரில் காப்பிடத்தை மூடிச் சீரமைக்கத் தொடங்கினார்கள். இடையில் வார இறுதிகளில் மட்டும் உச்சிக்கு வழிவிட்டு, 2016 அக்டோபரில்தான் முழுமையாகத் திறந்தார்கள். பழைய குவாரிப் பள்ளங்களில் ஒன்று இப்போது நீர் நிறைந்த ஏரி. மரத்தாலான மேடையில் நின்று மக்கள் அதைப் பார்க்கிறார்கள். குவாரி என்றால் இனி உதவாத இடம் என்று நினைத்திருந்த எனக்கு அந்தப் பள்ளம்தான் மலையைவிட அதிகமாகக் கற்பித்தது.

இனிக் கேப்பர் மலைக்கு வருகிறேன். ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் இதை மலை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். செம்மண்ணும், செம்பூராங்கல்லும், கைபட்டால் உதிரும் மணற்கல்லும் சேர்ந்த மேட்டுநிலம் இது. அதன் மேல் முந்திரியும் பலாவும், நடுவே மத்திய சிறையும், ஒரு முனையில் திருவந்திபுரமும் இருக்கின்றன. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைது செய்யப்பட்ட பாரதியார், டிசம்பர் 14 அன்று விடுதலையாகும் வரை இருந்தது கடலூர்ச் சிறையில்தான். அனுமன் கொண்டுவந்த சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டே ஔஷதகிரி என்பது தலபுராணம். மருந்து மலை என்று பெயர் வைத்த ஊரில் இன்று அந்த மூலிகைகளின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வேறு வருத்தம்.

ஆனால் இந்த மேட்டின் உண்மையான பெருமை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. புவியியலாளர்கள் இந்தப் பாறைப் படிவத்துக்கே 'கடலூர் மணற்கல்' என்று நம் ஊர்ப் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகே திருவக்கரையில், சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை எனப்படும் கல்மரங்கள் கிடப்பதும் இதே படிவத்தில்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து அழுத்தத்தோடு எழும்பும் நீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்க வேலை நடக்கும் என்பதை அங்கே வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். அந்த நீர் தங்கியிருப்பதும் இதே படிவத்தில்தான். நுண்துளை மிகுந்த இந்தக் கல், மழைநீரை உறிஞ்சிக் கீழே அனுப்பும். கடற்கரை நகரமான நமக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதை, கோடையில் உப்புத் தண்ணீர் ஏறும் துறைமுகப் பகுதிக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நன்னீர் கீழே நிறைந்து அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் கடல்நீர் உள்ளே வராது. மேட்டில் இறங்கும் மழை குறைந்தால் அந்த அழுத்தமும் குறையும்.

நான் சிறுவனாக இருந்தபோது ஆடுகளோடு இந்த மேட்டில் திரிந்திருக்கிறேன். களாவும் சூரையும் காரையும் புதராக மண்டியிருக்கும். ஓடையோரங்களில் பாலையும் காசாவும் கருங்காலியும் நிற்கும். கௌதாரி சத்தம் கேட்காத காலை கிடையாது. நரியைக் கண்டால் நல்ல சகுனம் என்று பாட்டி சொல்வாள். பாலை, காசா போன்றவை சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுக்கு உரிய மரங்கள் என்பதை மிகப் பின்னரே அறிந்தேன். அந்தக் காடு இன்று நம் வட்டாரத்தில் பெரும்பாலும் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற சில கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புயலின் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நான் ஊர் திரும்பிப் பார்க்கும் செம்மண் பள்ளங்களைப் புயல் வெட்டவில்லை. வீட்டுமனைக்கும் சாலைக்கும் நிரப்ப மண் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கட்டுமான வேலையில் வாழ்க்கை நடத்தியவன் நான். எனினும், பத்தடிக்கு அனுமதி என்று சொல்லிக்கொண்டு ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு தோண்டப்பட்டு, வேலியும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாமல் விடப்பட்ட பள்ளம் ஒன்றை நானே கண்டேன். அதன் விளிம்பில் குப்பை கொட்டப்பட்டு எரிந்துகொண்டிருந்தது. நீரை உறிஞ்ச வேண்டிய மண்ணையே அகற்றிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் சாம்பலை நிரப்பினால், கீழே உள்ள கிணற்றுக்கு எது போய்ச் சேரும் என்று எவரும் கேட்கவில்லை.

மண் அரிப்பையும் மறந்துவிடக் கூடாது. செடியை இழந்த செம்மண், ஐப்பசி மழையின் இரண்டு நாளிலேயே வெட்டு விழுந்து ஓடையாகிவிடும். புதுச்சேரிக்கு வடக்கே இதே வகைச் செம்மண் மேட்டில் 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில், அன்று கிடந்தது ஏறக்குறைய மரமற்ற, பள்ளம் விழுந்த பொட்டல் நிலம். அங்கே முதலில் வரப்பு கட்டி, மழைநீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தி, அதன் பிறகு மரம் வைத்தார்கள். இன்று அங்கே காடு இருக்கிறது. நம் மேட்டில் விழாக்காலத்தில் கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதை நான் குறை சொல்ல விரும்பவில்லை. வரப்பு இல்லாத சரிவில் நட்ட கன்றும் அடுத்த மழையில் மண்ணோடு போய்விடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் அப்படி முதலில் அறிவிக்கப்பட்டது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. 2022 நவம்பரில், 193.215 ஹெக்டேர். இரண்டு ஆண்டு கழித்து அந்த மலையை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, சுற்றுவட்டாரக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் போராட்டத்தில் மக்கள் கையில் இருந்த வலுவான சான்றுகளில் ஒன்று அந்த அறிவிப்பு.

கேப்பர் மலைக்கும் அத்தகைய அறிவிப்பைத்தான் கேட்கிறேன். இதற்கு எழும் மறுப்பையும் நான் அறிவேன். காப்பிடம் என்றால் எங்கள் முந்திரித் தோப்பு என்ன ஆகும், ஆடு மேய்ப்பது என்ன ஆகும் என்று மலையடிவார மக்கள் அஞ்சுவார்கள், அஞ்சுவது நியாயமே. ஆனால் பாரம்பரியத் தலத்துக்கான வழிகாட்டு நெறிகள், உள்ளூர் மக்கள் தாமாக ஒப்புக்கொண்டாலன்றி அவர்களின் வழக்கமான பயன்பாட்டுக்குத் தடை விதிப்பதில்லை. மேலும் நான் கேட்பது பட்டா நிலத்தை அன்று. அரசுப் புறம்போக்காகவும் ஓடைப் புறம்போக்காகவும் தோண்டி விடப்பட்ட பள்ளங்களாகவும் கிடப்பதை மட்டுமே. முழு மேட்டையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது என்பது என் அனுபவம். சிங்கப்பூரிலும் தீவு முழுவதையும் எவரும் காப்பாற்றவில்லை, புக்கிட் தீமாவில் காப்பிடமாக இருப்பது 400 ஏக்கர்தான்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடம் என் வேண்டுகோள் இதுதான். மேட்டில் மிஞ்சியிருக்கும் அரசு நிலத்தை அளந்து, சர்வே எண்களோடு வரைபடமாக வெளியிட வேண்டும். அந்த வேலை முடியும் வரை அந்த எண்களில் புதிய மண் குவாரி அனுமதி தரக் கூடாது. கைவிடப்பட்ட பள்ளங்களில் ஆபத்தானவற்றுக்கு வேலி போட வேண்டும். தோதானவற்றில் ஓடையைத் திருப்பி மழைநீரைத் தேக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. வரத்து வாய்க்காலைச் சீராக்கி, கரையைச் சரிவாக்கினாலே போதும். 2021-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த கடலூருக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போக வெள்ளிக் கடற்கரையைத் தவிர வேறு இடம் எது என்று யோசித்தால், அந்தப் பள்ளங்களில் ஒன்றாவது பார்வைக்குரிய நீர்நிலையாவது வீண் ஆசை ஆகாது.

வரும் அக்டோபர் 2 அன்று கிராம சபைகள் கூடுகின்றன. மலையடிவார ஊராட்சிகளின் சபைகளில் இதைத் தீர்மானமாக வைக்கக் கோரும் மனு ஒன்றை எழுதி, எங்கள் தெருவில் இதுவரை 41 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். 42-ஆவது கையெழுத்து, மேலே நான் சொன்ன அறைத்தோழருடையது. விடுப்பு முடிந்து விமானம் ஏறும் முன் போட்டுவிட்டுப் போனார்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.