தம்பிக்கு முதல் மெற்றல் டிடெக்டர்

அன்புள்ள மகளுக்கு,

பேரன் தம்பியின் ஏழாவது பிறந்தநாளுக்கு மெற்றல் டிடெக்டர் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். கட்டாயம் வாங்கு. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

பெட்டியில் எவ்வளவு ஆழம்வரை பிடிக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை விடு. பாரம் எவ்வளவு என்று தேடிப் பார். பெரியவர்கள் பாவிக்கிற சாதாரண டிடெக்டரே 1.2, 1.3 கிலோ வரும். எனக்கு அது ஒரு பாரமில்லை. ஆனால் சுருள் இருக்கும் தட்டு தண்டின் அந்த நுனியில் இருப்பதால் பாரமெல்லாம் கைக்குத் தூரத்தில்தான் விழும். பத்து நிமிடத்தில் பிள்ளையின் தோள் சோர்ந்துவிடும். தோள் சோர்ந்தால் தட்டு மேலே எழும்பும். தட்டு நிலத்தை ஒட்டி, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் போனால்தான் கருவி ஒழுங்காக வேலை செய்யும். தூக்கி வீசினால் கீழே கிடப்பதை விட்டுவிட்டு, இல்லாத இடத்தில் கத்தும். இரண்டு சனிக்கிழமை அப்படிப் போனால் மூன்றாவது சனிக்கிழமை அது மாடிப்படிக்குக் கீழே போய்விடும். வாங்குவதற்கு முன் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை அவன் கையில் கொடுத்து, கையை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆட்டச் சொல். எவ்வளவு நேரம் தாங்குகிறான் என்று உனக்கே தெரியும். என் கணக்கில் ஏழு வயதுக்கு ஒரு கிலோவுக்கு நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும்.

தண்டை எவ்வளவு தூரம் சுருக்கலாம் என்றும் பார். எல்லாக் கடைகளும் நீட்டினால் எவ்வளவு என்றுதான் சொல்லும். அவனுக்குத் தேவை ஆகக் குறைந்த நீளம். தட்டு 15 முதல் 17 சென்ரிமீற்றர் அகலம் போதும். பெரிய தட்டு இன்னும் ஆழம் போகும் என்பது உண்மைதான், ஆனால் பாரம் கூடும், எங்கே தோண்டுவது என்று சரியாகப் பிடிப்பதும் கடினம். நாணயத்தைப் பத்து சென்ரிமீற்றரில் பிடித்தால் அவனுக்குத் தாராளம். அதற்குக் கீழே அவன் தோண்டவும் மாட்டான்.

விளையாட்டுச் சாமான் கடையில் தொங்குகிற மலிவானவை நாலு வயதுக்குச் சரி. பெரும்பாலும் அவற்றுக்கு இரும்பையும் மற்ற உலோகத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. இங்கிலாந்தில் எந்த வீட்டுத் தோட்டத்தைத் தோண்டினாலும் ஆணிதான், பிள்ளை வெறுத்துப்போவான். உண்மையான கருவியில் சிறியதாக ஒன்று வாங்கு. நொக்டா என்ற துருக்கிக் கம்பனி பிள்ளைகளுக்கென்றே மினி ஹோர்ட், மிடி ஹோர்ட் என்று இரண்டு செய்கிறது. மினி இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு. மிடி முழுவதுமே தண்ணீர் புகாதது. என் தெரிவு அதுதான், ஏனென்றால் உன் மகன் அதை நிச்சயம் தண்ணீருக்குள் விடுவான். மைன்லாப் கோ-ஃபைண்ட் நல்லது, மடித்துப் பையில் வைக்கலாம், ஆனால் ஒரு கிலோ தாண்டும், தட்டு மட்டும்தான் நனையலாம். ஒன்பது பத்து வயதில் அது பொருந்தும். பவுண்டி ஹன்டர் ஜூனியரில் முள் ஆடிக் காட்டும், பிள்ளைகளுக்கு அதில் ஒரு பிரியம் உண்டு. எதை எடுத்தாலும் நூற்றைம்பது பவுண்டுக்கு மேல் போகத் தேவையில்லை. மிச்சக் காசு இருந்தால் பின்பொயின்டர் வாங்கு. குழிக்குள் விட்டுத் தேடுகிற கைக்கருவி அது. மண்ணுக்குள் எது கத்துகிறது என்று தானே கண்டுபிடிக்கிற சந்தோஷம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

முதல் நாள் அவன் எதையாவது கண்டெடுத்தே ஆக வேண்டும். அதனால் முதல் நாள் இரவே தோட்டத்தில் நாணயங்களைப் புதைத்து வை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1992இல் இருந்து 1 பென்ஸ், 2 பென்ஸ் பெரும்பாலும் செம்பு பூசிய உருக்கு. 5, 10 பென்ஸ்களும் 2012இல் நிக்கல் பூசிய உருக்காக மாறிவிட்டன. இரும்பை விலக்கும்படி கருவியை வைத்திருந்தால் இவற்றையும் இரும்பென்று நினைத்துப் பேசாமல் இருக்கக்கூடும். குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்து, ஒட்டாத பழைய 2 பென்ஸ்களைப் பொறுக்கு. ஒரு பவுண்டுக் குற்றியும் சேர். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். அப்புறம் காந்தம் ஒட்டுகிற நாணயங்களையும் கொடுத்து, அவனையே காந்தத்தால் சோதிக்கவிட்டு, ஏன் சிலதுக்கு மட்டும் சத்தம் வருகிறது என்று கேள். கருவி நிலத்துக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது, உலோகத்தில் சின்ன மின்னோட்டம் ஓடுகிறது, அது திருப்பி அனுப்புவதைக் கருவி கேட்கிறது, வெள்ளி ஒரு விதமாக, இரும்பு இன்னொரு விதமாகப் பதில் சொல்லும் என்றால் அவனுக்கு விளங்கும். தங்க மோதிரமும் சோடா ரின்னின் மூடி வளையமும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்லும். அதனால் வளையம் என்று நினைத்துத் தோண்டாமல் விடப் பழக்காதே.

தோண்டுவதை நீ பக்கத்தில் இருந்து பழக்கு. புல்லை ஒரு பக்கம் விட்டு மற்றப் பக்கங்களை வெட்டி, கதவு திறக்கிற மாதிரிப் புரட்டி, வேலை முடிந்ததும் மண்ணை உள்ளே போட்டு மூடி மிதிக்க வேண்டும். கையுறை போடாமல் விடாதே. மூன்று வயதும் நாலு மாதமும் ஆனபோது போடுகிற பூஸ்டர் ஊசி அவனுக்குப் போட்டாயிற்றா என்று அவனுடைய சுகாதாரப் பதிவான சிவப்புப் புத்தகத்தைப் பார், ஏற்பு வலிக்கும் (டெட்டனஸ்) அதில்தான் தடுப்பு இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் கேட்காமல் வாடகை வீட்டுத் தோட்டத்தைக்கூடக் கிண்டாதே. இந்த நாட்டில் சொந்தக்காரர் இல்லாத நிலம் கிடையாது. உங்களுக்குக் கிட்ட இருக்கிற ஃபோர்ம்பி கடற்கரை, பழைய இடங்களையும் இயற்கையையும் பாதுகாக்கிற நஷனல் ட்ரஸ்ட் அமைப்புடையது, அவர்கள் தங்கள் நிலத்தில் டிடெக்டரை விடுவதில்லை. வேறு கடற்கரைக்குப் போவதாக இருந்தால் கவுன்சிலிடம் முதலில் கேள். விட்டால், அலை எட்டாத காய்ந்த மணலில் தேடுங்கள். உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும், ஈர மணலில் சின்னக் கருவி சும்மா சும்மா கத்தும்.

2009இல் எசெக்ஸில் நாலு வயதுகூட நிரம்பாத ஒரு பையன், தகப்பனின் டிடெக்டரால் 16ஆம் நூற்றாண்டுத் தங்கப் பதக்கம் ஒன்றைக் கண்டெடுத்தான். இந்தக் கதையை அவனுக்கு இப்போதைக்குச் சொல்லாதே, பிறகு போத்தல் மூடி அவன் கண்ணுக்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். ஹொக்ஸன் கதையைச் சொல். அது நாங்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், சஃபோக்கில். 1992 நவம்பரில் ஒரு கமக்காரர் தொலைத்த சுத்தியலைத் தேடித்தரப் போனவர் எரிக் லோஸ். கிடைத்தது ரோமர் காலத்துத் தங்கமும் வெள்ளியும், கிட்டத்தட்ட 15,000 நாணயங்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அவர் செய்த அடுத்த வேலை. முழுவதையும் கிண்டி எடுக்காமல் நிறுத்திவிட்டு அறிவித்தார். அதனால்தான் தொல்லியல் ஆட்கள் வந்து, சாமான்கள் எந்தப் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருந்தன என்றுகூடச் சொல்ல முடிந்தது. சுத்தியலும் அகப்பட்டது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது. பழையதாக எது வந்தாலும் கழுவித் தேய்க்காமல் நிறுத்து, படம் எடு, இடத்தைக் குறித்துவை. 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிச் சாமான் என்றால் (தனி நாணயம் ஒன்று இதில் சேராது) 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனருக்கு, அதாவது மரண விசாரணை அதிகாரிக்கு, அறிவிக்க வேண்டும்; இங்கே புதையலும் அவர் பொறுப்புத்தான்.

உன் அம்மாவுக்கு இந்தக் கருவியே பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். இலங்கையின் வடக்கே முகமாலையில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் முழங்காலில் இருந்து அடி அடியாகக் கண்ணிவெடி தேடியதை நினைத்துத்தான் அவள் பேசாமல் எழும்பிப் போகிறாள். அவளோடு வாதாடாதே. நான் சொல்ல வருவது வேறு. இங்கே கண்ணிவெடி இல்லை, ஆனால் இரண்டாம் உலகப் போரின் வெடிக்காத சாமான்கள் இந்த மண்ணிலும் கடற்கரையிலும் இன்னும் வெளிவருகின்றன. உருளையாக, கூராக, துருப்பிடித்துக் கனமாக எது கிடைத்தாலும் தொடாமல் விலகி உன்னைக் கூப்பிட வேண்டும், நீ 999க்கு அடிக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போகும்போது கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போ. புதையல் தோண்டினார்கள் என்று ஆட்கள் பிடிபடுகிற செய்தி அங்கே அடிக்கடி வரும், அந்த வில்லங்கம் உங்களுக்கு வேண்டாம்.

இப்போது ஒரு வேலை செய். அவன் சப்பாத்தோடு நேராக நிற்கும்போது முழங்கையிலிருந்து நிலம்வரை அளந்து எனக்கு அனுப்பு. என் கூட்டாளிகளில் ஒருவரிடம் மிடி ஹோர்ட் இருக்கிறது, அவருடைய பேத்தி வளர்ந்துவிட்டாள். தண்டு அவனுக்குச் சுருங்குமா என்று அதில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு காசு கட்டு.

அன்புடன்,
அப்பா