சார்லாந்து அரசுக்கு: பிரெஞ்சு வாக்குறுதியைக் கிடப்பில் போடாதீர்கள்

ஜெர்மனியின் சார்லாந்து மாநில அரசில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, வணக்கம். மாநிலத்தை ஜெர்மனும் பிரெஞ்சும் புழங்கும் இடமாக்குவோம் என்று நீங்கள் தந்த வாக்குறுதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சார்லூயி ஃபோர்டு ஆலையில் 2025 நவம்பரோடு கார் உற்பத்தி நின்றுவிட்டது. 1970 முதல் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம் அது. கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2012-லேயே மூடியாயிற்று. புதிய ஆலைகளைத் தேடி அலைகிறீர்கள்; தேடத்தான் வேண்டும். ஹைட்ரஜனைக் கொண்டு எஃகு செய்யும் திட்டத்துக்குப் பெரும் பணம் ஒதுக்கியதும் சரிதான். ஆனால் எந்த நிறுவனமும் மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாத சொத்து ஒன்று உங்களிடம் இருக்கிறது. அது எல்லை.

மாநிலத்தின் பரப்பே சுமார் 2,570 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் ஏறத்தாழ பத்து லட்சம். ஒரு பக்கம் பிரான்ஸ், வடமேற்கு மூலையில் லக்சம்பர்க். தலைநகர் சார்ப்ரூக்கனில் டிராம் ஏறினால், அதே வண்டி பிரான்சுக்குள் நுழைந்து சார்கெமின் ரயில் நிலையம் வரை போகிறது. லைடிங்கன் கிராமத்தில் எல்லை ஒரு தெரு வழியாகவே ஓடுகிறது: இந்தப் பக்க வீடு ஜெர்மனி, எதிர்வீடு பிரான்ஸ். 1957-ல்தான் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்த மாநிலம் இது. அதற்குப் பிறகும் 1959 வரை கடைகளில் பிரெஞ்சுப் பணமான பிராங்க்தான் புழங்கியது.

எல்லைக்கு அப்பால் உள்ள பிரெஞ்சுப் பகுதியான லொரேனிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பழைய தலைமுறைக்கு மொழி ஒரு தடையே இல்லை. வீட்டில் பேசிய 'பிளாட்' என்ற ஜெர்மன் வட்டார மொழியே பட்டறையிலும் போதுமானதாக இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. இங்குள்ள பிள்ளைகளோ பிரெஞ்சில் நாலு வாக்கியம் பேசத் தயங்குகிறார்கள். இப்படியே போனால் டிராம் ஓடும், ஆனால் அதில் வேலைக்கு வர ஆள் இருக்காது.

2014-ல் 'பிரான்ஸ் உத்தி'யை அறிவித்து, 2043-க்குள் இரு மொழியும் புழங்கும் மாநிலமாக மாறுவோம் என்று சொன்னது உங்கள் அரசுதான். மிக நல்ல முடிவு. அதை இன்றும் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் அது நடக்க ஆசிரியர்கள் வேண்டும். எல்லாக் குழந்தைகள் காப்பகங்களிலும் தொடக்கப் பள்ளிகளிலும் பிரெஞ்சு பேசுபவர்களை நியமியுங்கள். மெக்கானிக், நர்ஸ் படிப்பவர்களுக்கு எல்லைக்கு அப்பாலும் சில மாதங்கள் பயிற்சி கொடுங்கள். தொழிற்பள்ளிகளில் பிரெஞ்சை ஒதுக்காதீர்கள். அப்புறம், 2020-ல் கொரோனா காலத்தில் எல்லையில் உள்ள சின்னச் சின்னச் சாலைகளைக்கூடத் தடுப்பு வைத்து அடைத்தபோது இரு பக்க மக்களும் பட்ட மனவருத்தத்தை பெர்லினுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்களும் நீங்கள்தான்.

அடுத்த பட்ஜெட்டில் இதற்கென்று எவ்வளவு ஒதுக்கப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக அறிவியுங்கள்.

அன்புடன்,
சார்ப்ரூக்கன்வாசி ஒருவர்