மீன்கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வெள்ளத்தில் நனைந்த என் ஆவணங்களில் கடைசிக் கட்டு நேற்றிரவு காய்ந்தது. தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. அப்போதே உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

வெள்ளம் வந்த அந்த வார இறுதியில் நம் குடியிருப்பான தாமானுக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ஒரே தண்ணீரில்தான் நின்றோம். என் வீட்டுக் கீழ் அலமாரியில் இருந்தவை 22 ஆண்டுகளாக நான் சேர்த்த இராணுவ அறிக்கைகள்; இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) - பர்மா ரயில் பாதையைப் பற்றியவை. லண்டன் கியூவிலும் ஆஸ்திரேலியாவின் கான்பராவிலும் உள்ள ஆவணக் காப்பகங்களிலிருந்து வாங்கிய நகல்கள் போனால் மறுபடி காசு கட்டி வாங்கலாம். போர்க்கைதிகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் என்னை நம்பிக் கொடுத்த கார்பன் பிரதிகளுக்கு அந்த வழி இல்லை. வெங்காயச் சருகு மாதிரித் தாள். ஓரத்தில் பேனாக் குறிப்புகள்.

நனைந்த தாளில் இரண்டு நாளில் பூசணம் ஏறிவிடும். உறைய வைத்தால் தப்பும். ஆனால் கரண்ட் இல்லாத வீட்டில் பதினொரு பெட்டிக் காகிதத்தை எங்கே உறைய வைப்பது? மேட்டுப் பக்கத்துச் சந்தையில் மீன்கடை அக்காவிடம் இரண்டு மூட்டை ஐஸ் கேட்டுப் போனேன். எதற்கு என்றார். சொன்னேன்.

"ஐஸ் சாயங்காலத்துக்குள்ள உருகிடும் தம்பி. ஃப்ரீசரையே எடுத்துக்க."

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை; இறால் நன்றாக ஓடுகிற நேரம். இருந்த இரண்டு ஃப்ரீசரில் ஒன்றைக் காலி செய்து துடைத்து, என் கட்டுகளைப் பையில் போட்டு, தானே எண் எழுதி அடுக்கினார். ஏழு வாரம் அது அங்கேயே இருந்தது. வாடகை என்று வாய் திறந்தபோது கோபித்துக்கொண்டார்.

ஒரு நாள் கட்டு எடுக்கப் போனபோது கேட்டார்: "இதுல நம்ம ஆளுங்க பேரு இருக்கா?"

இல்லை என்றேன். 1943 ஜூனில் சிங்கப்பூர் சாங்கி போர்க்கைதி முகாமிலிருந்து 'கே' படை என்று 230 பேரைத் தொழிலாளர் முகாம்களில் மருத்துவம் பார்க்க ஜப்பானியர் அனுப்பினார்கள். ஆகஸ்டில் அதே வேலைக்கு 'எல்' படை போனது. அப்படிப் போன அதிகாரிகளுக்குப் பேரும் பதவியும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன நம் தமிழர்கள் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள்: இத்தனை கூலிகள், இத்தனை வாந்திபேதி, இத்தனை சாவு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட ஏழாயிரம் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. 415 கிலோமீட்டர் பாதையோரம் பல்லாயிரக்கணக்கில் செத்த ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கல்கூட இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை பேருன்னாச்சும் எழுதி வச்சானே. அதையாவது காப்பாத்து" என்று சொல்லி, ஓரம் கிழிந்திருந்த ஒரு பையை மாற்றிக் கொடுத்தார்.

லோரி கொடுத்தவர், மையொற்றுத் தாள் கொண்டுவந்தவர்கள், மின்விசிறி கொடுத்த மூன்று வீட்டார், இரவு பதினொரு மணிக்கும் போனை எடுத்துத் தாளை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த நூலக நண்பர், பள்ளி விடுமுறையை என் வரவேற்பறைத் தரையில் கழித்த பிள்ளைகள், எல்லோரையும் கும்பிடுகிறேன். உங்களில் சிலரின் வீட்டிலேயே சேறு காயவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தீர்கள்.

இத்தனை வருடம் இவற்றைப் பூட்டி வைத்ததே பெரிய பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். தப்பு. ஒரே வீட்டில் ஒரே பிரதி இருக்கக் கூடாது. தீபாவளிக்குள் முழுவதையும் ஸ்கேன் செய்துவிடுவேன். நம் ஆட்களைப் பற்றிய ஒவ்வொரு வரியையும் முகாம் வாரியாகத் தமிழில் எழுதி, தாத்தாவோ பாட்டனோ சயாமுக்குப் போய்த் திரும்பாத எந்தக் குடும்பம் கேட்டாலும் கொடுப்பேன்.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தின பிறகு வருகிறேன். ஃப்ரீசரை நான்தான் கழுவித் தருவேன். நீங்கள் தொடக் கூடாது.