திருவிசநல்லூர் சூரியக் கடிகாரத்தைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள், திருவிசநல்லூர், திருவிடைமருதூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள், இந்து சமய அறநிலையத் துறை, சென்னை.

பொருள்: சிவயோகிநாதர் திருக்கோயில் சூரியக் கடிகாரத்தை அளந்து பதிவு செய்து, முறைப்படி பராமரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தேவாரத்தில் திருவியலூர் என்று பாடப்பெற்ற எங்கள் ஊர்க் கோயில் சுவரில், அரைவட்டமாகக் கோடு கீறி நடுவே முள் பதித்த சூரியக் கடிகாரம் உள்ளது. காலை 6 முதல் மாலை 6 வரை நிழலே மணி சொல்லும்.

பார்க்க வருபவர்கள் கைப்பேசியோடு ஒப்பிட்டு, "தப்பாகக் காட்டுகிறதே" என்கிறார்கள். அடுத்த திருப்பணியில் யாராவது நல்லெண்ணத்தோடு அந்த முள்ளை வளைத்துச் 'சரி' செய்துவிடுவார்களோ என்பதே எங்கள் பயம். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. எங்கள் ஊர் ஏறத்தாழ 79.4 பாகையில் இருப்பதால் இங்கே உச்சிப்பொழுது சுமார் 12 நிமிடம் பிந்தும். சூரியனை பூமி சுற்றும் வேகம் மாறுவதும் அதன் அச்சின் சாய்வும் சேர்ந்து இந்த வேறுபாட்டை மாதந்தோறும் மாற்றும். பழுதே இல்லாத நிழற்கடிகாரமும் இங்கே பிப்ரவரி நடுவில் சுமார் 26 நிமிடம் பிந்தியும், நவம்பர் தொடக்கத்தில் சுமார் 4 நிமிடம் முந்தியும்தான் காட்டும்.

மனையில் சங்கு எனும் நிழல் பார்க்கும் முளையை நட்டு, முற்பகலிலும் பிற்பகலிலும் அதன் நிழல் முனை சுற்றிலும் வரைந்த வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்துக் கிழக்கு மேற்கு கண்டவர்கள் நம் ஸ்தபதிகள். நிழலை அளந்து பழகிய அந்தக் கைகளின் வேலையாகவே இதையும் நாங்கள் மதிக்கிறோம்.

இதன் வயது 1400 ஆண்டு என்றும், பராந்தக சோழர் காலத்தது என்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. முதலாம் பராந்தகர் ஆண்டது 907 முதல் 955 வரை. இரண்டும் பொருந்தவில்லை. எங்களுக்குப் பொய்ப் பெருமை வேண்டாம். தொல்லியல் துறையைக் கொண்டு காலத்தை ஆராய்ந்து, கிடைக்கும் உண்மையைப் பலகையில் எழுதி வையுங்கள். மேலே சொன்ன நிமிடக் கணக்கும் அதே பலகையில் இருந்தால் பிள்ளைகளுக்குப் புரியும்.

முள்ளின் கோணத்தையும் கோடுகளின் இடைவெளியையும் அளந்து, படம் எடுத்துப் பதிந்த பிறகே எந்த வேலையும் தொடங்க வேண்டும். அமிலம் ஊற்றித் தேய்ப்பதும், பெயின்ட் பூசுவதும் கூடாது. பக்கத்திலேயே சுவாமிமலையில் உலோக வேலை அறிந்த ஸ்தபதிகள் இருக்கிறார்கள். பணியை அவர்களிடம் ஒப்படையுங்கள். வேலை செய்பவரின் பெயரையும் நாளையும் கோயில் பதிவேட்டில் எழுதிவைக்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருவிசநல்லூர் ஊர்ப் பொதுமக்கள்