தாடி எரிந்த வீரருக்கும் மற்ற மூவருக்கும்

அன்புள்ள மேசைத் தோழர்களே,

போன வாரம், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் நம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பத்தாவது ஆட்டம் முடிந்து எழுந்தபோதுதான் கவனித்தேன், அன்று முழுக்க நான் விதிப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. முதல் நாள் அதை மடியிலேயே வைத்திருந்தேன். அன்று நான் பேசியது மொத்தம் நான்கு வார்த்தை இருக்கும், அதில் இரண்டு "சரி". நேரில் நன்றி சொன்னால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் இப்படி எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

முதலில், கதையை நடத்தும் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) அண்ணாவுக்கு. 300 பக்கத்துக்கு மேலான புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் இடிந்த கோட்டை வாசலை விவரித்துவிட்டு, "நீங்க என்ன செய்றீங்க?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை! அதற்கு முன் வேறொரு குழுவில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் வாயைத் திறப்பதற்குள், "மந்திரவாதி இப்ப இதைச் செய்வார்" என்று வேறு ஒருவர் முடிவு செய்துவிடுவார். பகடையை உருட்டுவது மட்டும் என் வேலை. ஆட்டமே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் காத்திருந்தீர்கள். அப்புறம் கேள்வியை மாற்றினீர்கள்: "அங்க எதைத் தொட்டுப் பார்க்கணும்னு தோணுது?" கதவின் துரு என்றேன். கீலில் மட்டும் துரு புதிதாக உதிர்ந்திருக்கிறது, யாரோ சமீபத்தில் திறந்திருக்கிறார்கள் என்றீர்கள். அந்தத் துருவைப் பிடித்துக்கொண்டுதான் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களின் தடத்துக்கே போனோம். அது முன்பே எழுதி வைத்ததா என்று பிறகு கேட்டபோது, "இல்ல, நீங்க சொன்னப்புறம் தோணுச்சு" என்றீர்கள். அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அக்கா, உங்கள் பகடைகளுக்கு நன்றி. அதைவிட, என் மானத்தைக் காப்பாற்றியதற்கு. என் தீக்கணை மந்திரத்துக்குப் பத்து முகப் பகடை உருட்ட வேண்டும். நான் இரண்டு சண்டை முழுக்க எட்டு முகப் பகடையை உருட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைச் சபையில் சொல்லவில்லை. மூன்றாவது சண்டையில் சரியான பகடையை என் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுக் காட்டிய தம்பிக்கு ஒரு தனிப் பத்தி. தாக்குவது எப்படி என்பதை மூன்று பேரிடம் கேட்டும் எனக்குப் புரியவில்லை. நீ ஒரு தாளை எடுத்தாய். என் மந்திரவாதியின் அறிவு 16, அதற்கு +3. முதல் நிலையில் தேர்ச்சிக்கு +2. ஆக, பகடையில் விழும் எண்ணோடு +5. கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் (அடி படத் தொட வேண்டிய எண்) 15, அதனால் இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். 20 முகத்தில் 11 முகம் நம் பக்கம், அதாவது 55 சதவீதம். அட்வான்டேஜ் கிடைத்தால் இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுக்கலாம், வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதமாகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "இது எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம், இந்த +5 மட்டும் போதும்" என்று என் பாத்திரத்தின் விவரத் தாளான கேரக்டர் ஷீட்டில் அதை வட்டமிட்டாய். வந்த அன்றே யாராவது அந்த வட்டத்தைப் போட்டிருந்தால் முக்கால்வாசிப் பயம் அங்கேயே போயிருக்கும்.

இனி தாடிக்காரர். உங்களுக்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா தெரியவில்லை. நான் ஏவிய மந்திரம், கையிலிருந்து 15 அடிக்குக் கூம்பாக விரியும் தீ. எதிரே மூன்று கோப்ளின்கள், நடுவில் நீங்கள். கோப்ளின்கள் மட்டும்தான் என் கண்ணில் பட்டார்கள். உங்களிடம் மிச்சம் 5 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), என் பகடைகள் காட்டியது 9. உயிர் ஊசலாடும்போது உருட்டும் டெத் சேவில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். உங்களுக்கு 7, அடுத்து 4. மூன்றாவது தோல்வி வந்திருந்தால் வீரர் போயிருப்பார். அதற்குள் தம்பியின் குணமாக்கும் மந்திரம் வந்து சேர்ந்தது. நான் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தேன், நீங்களோ விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அடுத்த வாரம் வந்தபோது உங்கள் ஷீட்டில் ஒரு வரி கூடியிருந்தது: "பாதித் தாடி இல்லை. நெருப்பைக் கண்டால் மந்திரவாதிக்குப் பின்னால் போய் நிற்பார்." என் தவறு உங்கள் கதையில் ஒரு வரியான அந்த நாளில்தான் நான் உங்களில் ஒருவரானேன்.

பாறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 20 விழுந்தால் எதுவும் நடக்கும் என்று வீடியோக்களைப் பார்த்து நம்பியிருந்தேன். பாறையைத் தள்ளினேன், அசல் 20 விழுந்தது, துள்ளிக் குதித்தேன். என் மந்திரவாதியின் பலம் 8, அதற்கு -1. மொத்தம் 19, தேவை 20. நாம் ஆடும் 2014 விதிகளில் 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதலுக்கு மட்டும்தான். பாறை நகரவில்லை என்று முடித்திருக்கலாம். ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விழுந்தது என்றீர்கள், அண்ணா. அந்த இடைவெளிக்குள் யார் கையை விடுவது என்று அரை மணி நேரம் சண்டை போட்டோம்.

எது வேண்டும், எது வேண்டாம் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளும் செஷன் ஜீரோவில் ஒன்று மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: குறுகலான சுரங்கத்தில் சிக்கிக்கொள்வது வேண்டாமே. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணாவின் வரைபடத்தில் ஒரு சுரங்கம் அகலமான படிக்கட்டாக மாறியதைப் பிற்பாடு தற்செயலாகத்தான் பார்த்தேன்.

நேரில் பார்த்திராதவர்களுக்கும் கொஞ்சம் நன்றி பாக்கி. 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக இந்த ஆட்டத்தைத் தொடங்கி வைத்த கேரி கைகாக்ஸுக்கும் டேவ் ஆர்னசனுக்கும். சங்கடமான காட்சியைத் தொட்டுக் காட்டி நிறுத்த எக்ஸ் கார்டைத் தந்த ஜான் ஸ்டாவ்ரோபோலஸுக்கும். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023இல், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானதும் எங்களைப் போன்ற புதியவர்களுக்குப் பெரிய உதவி.

அக்கா, புதுப் பகடைகள் வாங்கிவிட்டேன். எட்டு முகம் பச்சை, பத்து முகம் சிவப்பு. உங்களுடையதை அடுத்த வாரம் திருப்பித் தருகிறேன். அந்த நீல நிற இருபது மட்டும் இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டுமா?

அன்புடன்,
உங்கள் மந்திரவாதி