சோம்பேறி என்று சொன்னோமே

அன்புள்ள முரளி,

தேர்வு முடியட்டும் என்று பதிலைத் தள்ளிப்போட்டுவிட்டேன், மன்னித்துவிடு. இந்த வயதில் எதற்கு உளவியல் படிப்பு என்று கேட்டிருந்தாய். ஆர்வத்தில்தான் சேர்ந்தேன்டா. ஆனால் மனநிலைக் கோளாறுகள், ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் பற்றிய பாடத்துக்கு வந்தபின் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

மனச்சிதைவு என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் இருப்பது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது வேறு கோளாறாம். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908இல் சுவிஸ் மருத்துவர் ஓய்கன் பிளாய்லர் வைத்தார். சிந்தனையும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதைத்தான் அவர் பிளவு என்றார். ஜப்பானில் 'மனம் பிளந்த நோய்' என்ற பெயரே நோயாளிகளுக்குப் பாரமாகி, 2002இல் அதை மாற்றிவிட்டார்கள்.

அப்புறம் நாள் கணக்கு. சோர்வோ எதிலும் பிடிப்பில்லாமையோ குறைந்தது 2 வாரம், அநேகமாக தினமும் இருந்து, தூக்கம், பசி, கவனம் என்று மற்றதும் குலைந்தால்தான் மனச்சோர்வு நோய் என்கிறார்கள். இருதுருவக் கோளாறில் வரும் மிகை எழுச்சிக்கு, அதாவது அளவுமீறிய உற்சாக நிலைக்கு, பொதுவாக 1 வாரம். ஸ்கிசோஃப்ரினியாவுக்கு அமெரிக்க வரையறைப்படி 6 மாதம். ஸ்கிசோஃப்ரினியாவில் போலவே கடும் மனச்சோர்விலும் சிலருக்கு இல்லாத குரல் கேட்குமாம். அதனால் ஒருநாள் பார்த்து முடிவு கட்ட முடியாது. ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் இந்த நோய்களைத் தனித்தனியாகப் பிரித்ததே, அவை வருடக்கணக்கில் எப்படிப் போகின்றன என்று கவனித்துத்தான்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஸ்கிசோஃப்ரினியாவின் 'எதிர்மறை அறிகுறிகள்' என்ற பகுதி. இல்லாத குரல் கேட்பது, யாரோ தொடர்கிறார்கள் என்று நம்புவது எல்லாம் வெளியே தெரிந்துவிடும். இவை அப்படியல்ல. முகத்தில் உணர்ச்சி வற்றும், பேச்சு ஓரிரு சொல்லாகச் சுருங்கும், குளிக்கவோ எழுந்து ஒரு வேலையைத் தொடங்கவோ உந்துதலே இருக்காது. இந்த நோய் ஆண்களுக்குப் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதில் தொடங்குகிறது.

படித்ததும் நம் விடுதி அறைக்காரன்தான் நினைவுக்கு வந்தான். முதல் வருடம் விடிய விடிய பேசியவன், அடுத்த வருடம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தானே. திமிர் என்றாய் நீ. சோம்பேறி என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னவன் நான். அவன் அம்மா வந்து அழுதபோதுகூட, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்றுதான் பேசிக்கொண்டோம். வளர்ப்பால் வரும் நோய் இல்லை இது. தாய்மேல் பழிபோடும் கொள்கை ஒரு காலத்தில் மருத்துவர்களிடமே இருந்து, பிறகு கைவிடப்பட்டது.

அவனுக்கு என்ன இருந்தது என்று அறிமுகப் பாடம் படிக்கும் நான் சொல்ல முடியாது. மனச்சோர்வாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஏதோ சரியில்லை என்று நமக்குத் தெரிந்திருந்தது, முரளி. ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்கலாம்.

அவன் அண்ணனுடன் உனக்குத் தொடர்பு இருந்தது இல்லையா? எண் இருந்தால் அனுப்பு. முதலில் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
சேகர்