தேயிலை வரி உயரவே இல்லை: விடைக்குறிப்பு தயாரித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வில் பாஸ்டன் தேநீர் விருந்துக்கான, அதாவது 1773-இல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய போராட்டத்துக்கான, காரணத்தைக் கேட்டிருந்தீர்கள். ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பின் முதல் வரி, "ஆங்கில அரசு தேயிலை மீதான வரியை உயர்த்தியது" என்கிறது. இது தவறு என்று பள்ளி வழியாக முன்பே எழுதி அனுப்பினோம். பதில் வரவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

என் மாணவி ஒருத்தி எழுதியிருந்த விடை இது: "1773 சட்டத்தால் தேயிலை விலை குறைந்தது. ஆனாலும் மக்கள் அதை வாங்க மறுத்தார்கள். தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் தங்கள் மேல் வரி போடக் கூடாது என்பதுதான் அவர்கள் வாதம்." தாள் வேறு பள்ளியில் திருத்தப்பட்டது. முதல் வாக்கியத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, ஐந்துக்கு ஒன்றரை. திருத்திய ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். விடைக்குறிப்பைத் தாண்டி மதிப்பெண் போட்டால் அவர்தான் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து, "மிஸ், இனிமே நடந்ததை எழுதணுமா, கீயில இருக்கிறதை எழுதணுமா?" என்று கேட்டாள். இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. அந்த விடைக்குறிப்பைத் திருத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

1767-இல் டவுன்ஷெண்ட் சட்டங்கள் வந்தபோது, அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கும் தேயிலைக்கு ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் வரி விதித்தார்கள். கண்ணாடி, காகிதம், ஈயம், பெயின்ட் ஆகியவற்றுக்கும் வரி வந்தது. அமெரிக்காவில் ஆங்கில ஆட்சிக்கு உட்பட்டிருந்த குடியேற்றங்களில் ஆங்கிலப் பொருட்களைப் புறக்கணித்தார்கள். பெண்கள் வீட்டிலேயே நூல் நூற்றுத் துணி நெய்தார்கள். லண்டன் வியாபாரிகளுக்கு அடி விழுந்ததும் 1770-இல் மற்ற வரிகளை எடுத்துவிட்டார்கள். தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்ட அது ஒன்று போதும் என்பது பிரதமர் நார்த் பிரபுவின் கணக்கு. 1773-இல் தேயிலைச் சட்டம் வந்தபோதும் அதே மூன்று பென்ஸ்தான். ஒரு பென்னிகூட ஏறவில்லை.

அந்தச் சட்டம் செய்தது வேறு. லண்டன் கிடங்குகளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை மலையாகக் குவிந்து கிடந்தது. கம்பெனி கடனில் மூழ்கி, அரசிடம் பதினான்கு லட்சம் பவுண்டு கடன் கேட்கும் நிலைக்கு வந்திருந்தது. அந்தச் சரக்கை அமெரிக்காவுக்கு அனுப்பினால், இங்கிலாந்தில் கட்டிய சுங்கம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். லண்டனில் ஏலம் விடாமல், இடைத்தரகர் இல்லாமல், கம்பெனியே நேரடியாக விற்கலாம். அதனால் டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வந்த தேயிலையைவிடக் கம்பெனித் தேயிலை மலிவாகிவிடும். என் மாணவி எழுதியது இதைத்தான்.

மலிவாகக் கிடைத்ததை ஏன் கடலில் கொட்டினார்கள்? புரட்சியின் கரு இங்கேதான் இருக்கிறது. இதைத்தான் உங்கள் விடைக்குறிப்பு பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிடுகிறது. மலிவு என்று வாங்கிக் குடித்தால், அந்த மூன்று பென்ஸையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அந்த வரியை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அந்த வரிப்பணம் போகும் இடமும் அவர்களுக்குத் தெரியும். அதுவரை ஆளுநருக்குச் சம்பளம் ஒதுக்கியது பாஸ்டன் இருந்த குடியேற்றமான மாசசூசெட்ஸ் மக்களின் சட்டமன்றம். அவரைக் கட்டிப்போட அவர்களிடம் இருந்த ஒரே பிடி அதுதான். 1772-இல் ஆளுநருக்கும் உயர் நீதிபதிகளுக்கும் சம்பளம் இனி அரசரின் கணக்கிலிருந்து வரும், அதற்குப் பணம் சுங்க வரியிலிருந்து வரும் என்று தெரிந்ததும் அந்தப் பிடி போய்விட்டது. பாஸ்டனில் கடிதத் தொடர்புக் குழு அமைந்ததும் அதே ஆண்டில்தான். ஊருக்கு ஊர் செய்தி அனுப்பிய இந்தக் குழுக்கள் இல்லாமல் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது. விடைக்குறிப்பில் இவற்றுக்கு ஒரு சொல்கூட இல்லை.

அந்த டிசம்பர் நாட்களைப் பாருங்கள். 1773 நவம்பர் 28 அன்று 'டார்ட்மவுத்' கப்பல் பாஸ்டனுக்கு வந்தது. இருபது நாட்களுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்து விற்கலாம். சரக்கோடு திரும்பிப் போகட்டும் என்று ஊர் கேட்டது. ஆளுநர் ஹட்சின்சன் அனுமதிக்கவில்லை. தேயிலை விற்கும் உரிமை பெற்றவர்களில் இருவர் அவருடைய மகன்கள். டிசம்பர் 16 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓல்ட் சவுத் கூட்ட அரங்கில் காத்திருக்க, கப்பலின் உரிமையாளர் ஆளுநரைப் பார்த்துக் கடைசியாக ஒருமுறை கேட்கப் போனார். இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தார். அனுமதி இல்லை என்றார். அதற்கப்புறம்தான் கூட்டத்தில் ஒரு பகுதி துறைமுகத்துக்குப் போய், மூன்று கப்பல்களில் இருந்த சுமார் 340 பெட்டிகளை உடைத்துக் கொட்டியது. கெடு முடிய ஓர் இரவுதான் பாக்கி. விலை ஏறிவிட்டதே என்ற ஆத்திரத்தில் நடந்த கலவரம் என்று இதை ஒரு வரியில் முடிப்பது நியாயமா?

கொடுக்க வேண்டிய தொகை குறைந்தும் எதிர்ப்பு எழுந்தது இது முதல் முறையும் அல்ல. 1764 சர்க்கரைச் சட்டம், வெல்லப்பாகு மீதான வரியை கேலனுக்கு ஆறு பென்ஸிலிருந்து மூன்றாகக் குறைத்தது. ஆனால் குறைத்ததைக் கறாராக வசூலிக்க ஏற்பாடு செய்தது. வழக்குகளை ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோக வழி செய்தது. 1765 முத்திரைச் சட்டத்தை எதிர்த்து ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். அடுத்த ஆண்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்த கையோடு, எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டமும் போட்டது. சண்டை தொகையைப் பற்றியதாக இருந்திருந்தால் 1766-லேயே முடிந்திருக்கும்.

இந்தக் கதையில் நம் மண்ணும் இருக்கிறது. கம்பெனியின் நிதிநிலை ஆடிப்போனதற்கு வங்கப் பஞ்சமும் ஒரு காரணம், ஹைதர் அலியோடு நடந்த போரும் ஒரு காரணம். 1769-இல் ஹைதர் சென்னையின் வாசலுக்கே வந்துவிட்டார். அந்தப் போரின் செய்தி போய்ச் சேர்ந்ததும் லண்டனில் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. ஆசியாவில் இந்தக் கம்பெனி செய்ததைப் பாருங்கள், பஞ்சத்தில் மடிந்தவர்களைப் பாருங்கள் என்று 1773-இல் அமெரிக்க அரசியல் எழுத்தாளர் ஜான் டிக்கின்சன் தன் நாட்டவரை எச்சரித்து எழுதினார். இதையெல்லாம் சொன்னால் வகுப்பில் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். பிரதிநிதித்துவம் கேட்டவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்களே, அது எப்படி மிஸ் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் தேர்வு நெருங்கினால் நாங்களே, "அதெல்லாம் விடு, பாயின்ட்டைப் படி" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் நடந்தது, ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று யோசிக்கிற பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது. நோட்ஸை அப்படியே ஒப்பிக்கிற பிள்ளைக்கு முழு மதிப்பெண். வரலாறு நடத்தும் எங்களுக்கு இது தாங்க முடியவில்லை.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். "வரியை உயர்த்தியது" என்ற வரியை நீக்கிவிட்டு, மூன்று பென்ஸ் வரி அப்படியே தொடர்ந்தது, விலை குறைந்தது, எதிர்ப்பு வரி விதிக்கும் உரிமையைப் பற்றியது என்று விடைக்குறிப்பைத் திருத்துங்கள். திருத்திய குறிப்பை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். சரியாக எழுதி மதிப்பெண் இழந்த பிள்ளைகளின் தாள்களை மறுபடி திருத்தச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் இறுதியாவதற்குள் இதைச் செய்ய வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாறு நடத்தும் ஓர் ஆசிரியை